சியோலில் முட்டைக்கோஸ் பிழிந்த ஞாயிறு

பெங்களூரை ஒட்டிய பொம்மசந்திராவில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் கார்களுக்கான ஒயர்க் கட்டுகள் செய்கிறோம். பத்தொன்பது வருடமாக அங்கே இருக்கிறேன். ஒயர் முனைகளைப் பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்து, சரியாக இறுகியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. கொரியாவிலிருந்து ஒரு புது இயந்திரம் வந்தபோது, அதை ஓட்டக் கற்றுக்கொள்ள எங்களில் நான்கு பேரை மூன்று வாரம் அங்கே அனுப்பினார்கள். மூன்று பேர் இன்ஜினியர் பையன்கள். நான்காவது நான். என் பெயர் அந்தப் பட்டியலில் எப்படி வந்தது என்று இன்றுவரை எனக்குச் சரியாகத் தெரியாது. கையால் வேலை செய்யும் ஆள் ஒருவராவது போக வேண்டும் என்று மேனேஜர் சொன்னாராம்.

ஸ்ரீராம்புரத்தில் எங்கள் சந்திலிருந்து விமானம் ஏறிய முதல் ஆள் நான்தான் என்று நினைக்கிறேன். எனக்கு முன்னால் யாராவது போயிருந்தால் அது சந்து முழுக்கத் தெரிந்திருக்கும்.

தங்கியிருந்த விடுதியிலிருந்து சியோல் நகரத்துக்கு ரயிலில் ஒரு மணி நேரம். கடைசி ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. பையன்கள் மூவரும் காலையிலேயே தயாராகிவிட்டார்கள்.

"அக்கா, தலகீழா சுத்துற ரயிலெல்லாம் இருக்குற பார்க்குக்குப் போறோம். நீங்களும் வாங்க" என்றான் வேலூர்ப் பையன்.

"தெனம் ஓசூர் ரோட்ல நம்ம கம்பெனி பஸ்ல குலுங்குறதே போதும்பா எனக்கு" என்றேன்.

நான் போக நினைத்த இடம் வேறு. என் மகள் பி.யு.சி. இரண்டாம் வருடம், அதாவது பன்னிரண்டாம் வகுப்பு, படிக்கிறாள். தமிழில் பேசும் கொரிய சீரியல்களைப் போனில் பார்த்துப் பார்த்து அந்த நாட்டின் தெருக்களெல்லாம் அவளுக்கு அத்துப்படி. நான் கிளம்பும்போது ஒரே ஒரு விஷயம்தான் கேட்டாள்.

"மா, அந்த ஓட்டு வீட்டுத் தெரு இருக்குல்ல, மேட்டு மேல. ஹீரோயினு கொட புடிச்சிக்கினு ஏறுவாளே. அங்க போயி எனக்கு வீடியோ கால் போடு."

"அங்க நெஜமா ஆளுங்க இருக்காங்களா? இல்ல செட்டிங்கா?"

"தெரில மா. நீ பாத்து சொல்லு."

அந்தக் கேள்வி மூன்று வாரமும் என் மண்டைக்குள் இருந்தது. அவளுக்கு ஹீரோயின் நடந்த தெரு வேண்டும். எனக்கு அந்தக் கதவுகளுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று தெரிய வேண்டும். யாரும் இல்லாத வீட்டை அவ்வளவு சுத்தமாக வைத்திருக்க முடியுமா? யாராவது இருந்தால் அவர்கள் துணியை எங்கே காயவைக்கிறார்கள்? சீரியலில் ஒரு கொடிக்கயிறுகூட என் கண்ணில் பட்டதில்லை.

அந்த இடத்தின் பெயர் புக்சோன். சுரங்க ரயிலிலிருந்து மேலே வந்தால் முதலில் பெரிய சாலை, கண்ணாடிக் கட்டடங்கள், காபிக் கடைகள். அதைத் தாண்டித் திரும்பினால் மேடு தொடங்குகிறது. வாடகைக்கு எடுத்த பழங்காலப் பாவாடைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பெண்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். நான் சுடிதாருக்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் கம்பெனி கொடுத்த நீல ஜாக்கெட் என்று மூன்று அடுக்கில் ஏறினேன். நவம்பர் கடைசி. மூச்சு புகையாகப் போனது.

மேட்டின் உச்சியில் நின்று திரும்பிப் பார்த்தேன். சாம்பல் நிற ஓடுகள் ஒன்றுக்குப் பின் ஒன்றாக இறங்கிப் போயின. ஒவ்வொரு கூரையின் விளிம்பும் லேசாக மேலே வளைந்திருந்தது. அவற்றுக்குப் பின்னால் இருபது முப்பது மாடிக் கட்டடங்கள். அதைப் பார்க்கத்தான் எல்லோரும் வருகிறார்கள். நானும் பார்த்தேன், நாலைந்து படம் எடுத்தேன். பிறகு என் கண் வழக்கம்போலச் சின்னச் சாமான்களுக்குப் போய்விட்டது.

ஒரு மரக்கதவுக்குப் பக்கத்தில் கேஸ் மீட்டர் இருந்தது. குனிந்து பார்த்தேன். கடைசி எண் மெதுவாக நகர்ந்தது. அப்படியானால் உள்ளே யாரோ அடுப்பு எரிக்கிறார்கள். இன்னொரு வாசலில் கூரியர் பெட்டி இரண்டு. இன்னொன்றில் ஒரு குழந்தையின் மூன்று சக்கர சைக்கிள் சுவரோடு சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. செட்டிங்கில் யாரும் சைக்கிளைப் பூட்டி வைக்க மாட்டார்கள். மகளைக் கூப்பிட்டேன்.

பெங்களூரில் அப்போது காலை ஒன்பது மணிகூட ஆகியிருக்காது. தலையைச் சீவாமல் வந்து நின்றாள். தெருவைக் காட்டியதும் அவள் போட்ட கூச்சல் எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பியது. "மா, அதே தெரு மா, அதே கதவு." பின்னாலிருந்து என் வீட்டுக்காரர், "எங்க, எங்க, காட்டு" என்றார். நான் அவருக்கும் கேட்கட்டும் என்று ஸ்ரீராம்புரக் குரலில், "ஆளுங்க இருக்காங்க, மீட்டர் ஓடுது" என்றேன்.

தோளருகே யாரோ இருமினார்கள். மஞ்சள் அங்கி போட்ட ஒரு பெரியவர். கையில் ஒரு அட்டை. அதில் உதட்டின் மேல் விரல் வைத்த படம், கீழே நாலு மொழிகளில் எழுத்து. ஆங்கிலத்தில், இது மக்கள் வாழும் இடம், மெதுவாகப் பேசவும் என்று இருந்தது. அவர் கோபப்படவில்லை. அட்டையை ஆட்டிவிட்டுத் தலையைத் தாழ்த்தினார், அவ்வளவுதான். எனக்கு முகம் சுட்டது. போனை அணைத்தேன். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் நான் செருப்புச் சத்தம்கூடக் கேட்காமல் நடந்தேன்.

குளிரும், காலையில் விடுதியில் குடித்த பார்லித் தண்ணீரும் சேர்ந்து அப்போதுதான் வேலையைக் காட்டத் தொடங்கின. முதலில் லேசாக. பிறகு அடிவயிறு கல்லாக. மஞ்சள் அங்கிக்காரரிடம் கேட்கலாம் என்று திரும்பினால் அவர் கீழே ஒரு கூட்டத்தைச் சமாளித்துக்கொண்டிருந்தார். போனில் வரைபடம் ஒரு கழிப்பறையைக் காட்டியது. அது காட்டிய வழியில் போனால் ஒரு சுவர் வந்தது. வேறு சந்தில் திரும்பினேன். அதுவும் வளைந்து ஓரிடத்தில் முடிந்தது.

முடிந்த இடத்தில் ஒரு கதவு திறந்திருந்தது. ஒருவன் சின்ன வண்டியிலிருந்து முள்ளங்கி மூட்டையை உள்ளே இறக்கிவிட்டு வெளியே வந்தான். அவனுக்குப் பின்னால் கதவைச் சாத்த வந்த பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும், ஐம்பதைத் தொடாத வயது. முழங்கை வரை ரோஸ் நிற ரப்பர் கையுறை. கையுறை முழுக்கச் சிவப்பு மிளகாய் விழுது. கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. அதில் எழுதியிருந்ததைப் படிக்கத் தெரியாவிட்டாலும் உள்ளே வராதே என்றுதான் இருக்கும் என்று புரிந்தது.

போனில் மொழிபெயர்ப்பைத் தட்டி வாயருகே வைத்து அவசரமாகச் சொன்னேன்: "எனக்கு ஒண்ணுக்கு வருது, டாய்லெட் எங்க?"

போன் கொரிய மொழியில் என்னவோ சொன்னது. அந்த அம்மா எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். பிறகு சந்தின் இரண்டு பக்கமும் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன். 'எனக்கு ஒருவர் கூட வருகிறார்' என்று எழுதியிருந்தது.

அவர் முகம் இறுகியது. என்னவோ சொன்னார். போன் செய்தி வாசிப்பவர் குரலில் தமிழாக்கியது: "இது கடை அல்ல. இது இல்லம். தயவுசெய்து செல்லவும்."

அதற்கு மேல் எந்தத் தமிழிலும் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. அடிவயிற்றில் கையை வைத்தேன். முழங்கால்களை ஒட்டிக்கொண்டு நின்றேன். எந்த ஊர்ப் பெண்ணுக்கும் அது புரியும். அவர் ஒரு பெருமூச்சு விட்டு, கதவைத் தோளால் தள்ளி வழிவிட்டார்.

கதவின் அடியில் ஒரு சாண் உயரத்துக்கு மரப்படி. அதைத் தாண்டிக் கால் வைத்தேன். செருப்பைக் கழற்றப் போனேன். முற்றத்தில் வேண்டாம், அங்கே என்று முகத்தாலேயே காட்டினார். மரத் திண்ணை மாதிரி இருந்த இடத்தில் கழற்றிவிட்டு ஏறினேன்.

அந்தக் கழிப்பறையைப் பற்றி மட்டும் என் சந்தில் நான் பத்துத் தடவை சொல்லியிருக்கிறேன். வெளியே நூறு வருடத்து மரத்தூண். உள்ளே பளபளக்கும் வெள்ளை டைல்ஸ், சூடான இருக்கை, சுவரில் பன்னிரண்டு பொத்தான்கள். புது இயந்திரத்தில் தெரியாத பொத்தானைத் தொடாதே என்று மூன்று வாரமாகப் பாடம் எடுத்திருந்தார்கள். நான் எதையும் தொடவில்லை. ஒரு மூலையில் வாஷிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே வரும் வழியில் ஒரு அறையின் கதவு பாதி நகர்ந்திருந்தது. எட்டிப் பார்க்கக் கூடாதுதான். பார்த்துவிட்டேன். தரையில் பழைய செய்தித்தாள் விரித்து, அதன் மேல் துணிகளைப் பரப்பியிருந்தார்கள். உள்ளாடை, சட்டை, துண்டு எல்லாம் வரிசையாக. தரை காலுக்கு வெதுவெதுப்பாக இருந்தது. மூன்று வாரக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

முற்றத்துக்கு வந்து, நன்றி சொல்லிவிட்டு ஓடிவிடலாம் என்றுதான் நினைத்தேன். வீடு முற்றத்தை மூன்று பக்கமும் சுற்றி நின்றது. நடுவில், ஒரு கட்டில் போடும் அளவு இடம். அந்த இடம் முழுக்கப் பிளாஸ்டிக் தொட்டிகள். ஒவ்வொன்றிலும் நீளமான முட்டைக்கோஸ்கள், பாதியாகப் பிளந்து உப்பில் ஊறியவை. அறுபது எழுபது இருக்கும். அந்த அம்மா ஒரு பெரிய கூடையை, நீர் சொட்டச் சொட்ட, தனியாகத் தூக்கப் பார்த்தார். ஒரு கை இடுப்புக்குப் போனது. கூடை சாய்ந்தது.

நான் மறுபக்கத்தைப் பிடித்தேன். யாராக இருந்தாலும் பிடித்திருப்பார்கள். இருவரும் சேர்ந்து அதை முற்றத்து ஓரமாக இருந்த திட்டின் மேல் வைத்தோம். அவர் இன்னொரு கூடையைப் பார்த்தார். அதையும் வைத்தோம். மூன்றாவதுக்குப் பிறகு அவர் நிமிர்ந்து என்னை முதல் தடவையாகச் சரியாகப் பார்த்தார். கையுறை சிவப்பாக இருந்ததால் போனைத் தொட முடியாது. நான் என் போனை அவர் வாய்க்கு அருகே பிடித்தேன்.

"என் தங்கை வர வேண்டும். போக்குவரத்து நெரிசலில் மாட்டிக்கொண்டாள். தாங்கள் எந்த நாட்டைச் சேர்ந்தவர்?"

"இந்தியா. பெங்களூர்." பிறகு போனுக்குப் புரிய வேண்டுமே என்று செய்தி வாசிப்பது போல நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்: "நான் உங்களுக்கு உதவி செய்யலாமா?"

அவர் வேண்டாம் என்று கையை ஆட்டினார். பிறகு முட்டைக்கோஸ்களைப் பார்த்தார். உள்ளே போய் இன்னொரு ஜோடி ரோஸ் கையுறையைக் கொண்டுவந்தார்.

குளிர்காலம் முழுமைக்கும் வேண்டிய கிம்ச்சியை ஒரே நாளில் போட்டுவிடுவார்களாம். ஊறிய கோஸை அலசி, இரண்டு கையாலும் பிழிந்து, இலைக்கு இலை விழுதைத் தடவி, மடித்துப் பெட்டியில் அடுக்க வேண்டும். என்னைப் பிழியச் சொன்னார். நான் முதலில் பிழிந்ததை வாங்கிப் பார்த்து, போதாது என்று தலையசைத்துத் திருப்பிக் கொடுத்தார். இரண்டாவதையும் திருப்பினார். மூன்றாவதை வாங்கிக்கொண்டார். தினமும் அடுத்தவர் வேலையைத் திருப்பி அனுப்புகிறவள் நான். அன்றைக்கு எனக்கு நல்ல பாடம்.

விழுதின் வாசனை மூக்கில் ஏறியபோது எனக்குச் சந்தேகம் வந்தது. குனிந்து பார்த்தேன். மிளகாய், பூண்டு, இஞ்சி. அதற்குள் பொடிப் பொடியாக வெள்ளையாக ஏதோ.

"சென்னாக்குன்னி" என்றேன் என்னை அறியாமல்.

போன் அதை மொழிபெயர்க்கவில்லை. சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு 'சின்ன இறால்' என்று சொன்னேன். அவர் வேகமாகத் தலையசைத்தார். எங்கள் வீட்டில் அதைக் காயவைத்துக் கத்தரிக்காயோடு போடுவோம், இவர்கள் உப்பில் ஊறவைத்துக் கோஸோடு போடுகிறார்கள். அதை விளக்க எனக்குப் பத்து நிமிடம் ஆனது. அவர் நிறுத்தாமல் கேட்டார். கத்தரிக்காயை எப்படி வெட்டுவீர்கள் என்றார். நான் விரலால் காட்டினேன்.

அப்படித்தான் பேச்சு வளர்ந்தது. போன் திட்டின் மேல் சாய்ந்து நின்று இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிச் சொன்னது. அவர் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜையில் வேலை பார்க்கிறாராம். கணவர் வெளியூரில் வேலை, மாதம் இரண்டு தடவை வருவார். ஒரு மகன் ராணுவத்தில். நான் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டேன். கூரையில் ஓடு உடைந்தால் யார் ஏறுவது? ஆள் வருவான், ஆனால் வெளியே எதை மாற்றினாலும் அனுமதி வாங்க வேண்டும். ஜன்னலில் காகிதம்தானா? முன்னால் காகிதம், பின்னால் இரட்டைக் கண்ணாடி, இல்லாவிட்டால் உறைந்துபோவோம். துணியை ஏன் முற்றத்தில் காயப்போடுவதில்லை?

இந்தக் கேள்விக்கு அவர் கையை நிறுத்தினார்.

"முன்பு காயவைத்தேன். ஒருவர் கதவு இடுக்கு வழியாக என் உள்ளாடையைப் படம் எடுத்தார். இன்னொரு நாள் நான் உணவு உண்ணும்போது நான்கு பேர் உள்ளே வந்து காலணியுடன் மரத்தரையில் அமர்ந்தனர். அருங்காட்சியகம் என்று நினைத்தார்களாம்."

செய்தி வாசிக்கும் குரலில் அதைக் கேட்டது இன்னும் மோசமாக இருந்தது. என் போனுக்குள், வழியெல்லாம் நான் எடுத்திருந்த நாற்பது படங்கள் நினைவுக்கு வந்தன. கூரைகளை விட்டால் மற்றதெல்லாம் கதவுகள். இரண்டு மூன்றில் இடுக்கு வழியாகத் தெரிந்த முற்றங்கள்கூட இருந்தன. நான் அவருடைய துணிகளை எட்டிப் பார்த்ததையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சொல்லலாமா என்று யோசித்தேன். அடுத்த கோஸை எடுத்துப் பிழிந்தேன்.

"பிறகு ஏன் இங்கேயே இருக்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

பாரம்பரியம், முன்னோர் வீடு என்று ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் விரலை மேலே காட்டினார்.

"பதினொரு ஆண்டுகள் அடுக்ககத்தில் வசித்தேன். மேல் வீட்டில் மூன்று குழந்தைகள். நாள் முழுவதும் ஓடினார்கள். எனக்குத் தலைவலி நோய் வந்தது. இங்கே என் தலைக்கு மேல் யாரும் நடப்பதில்லை. அதற்காக வந்தேன். அமைதிக்காக வந்தேன்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். வெளியே ஒரு கூட்டம் போய்க்கொண்டிருந்த சத்தம் சுவரைத் தாண்டிக் கேட்டது. நானும் சிரித்தேன். போன் எங்கள் சிரிப்பையும் மொழிபெயர்க்கப் பார்த்து, 'மீண்டும் கூறவும்' என்றது.

அந்தச் சிரிப்பு ஓய்வதற்குள் கதவு கிரீச்சிட்டது. முள்ளங்கி வந்ததிலிருந்து நாங்கள் அதைத் தாழ்போட மறந்திருந்தோம். ஒரு வெள்ளைக்கார இளைஞனும் ஒரு பெண்ணும் தலையை நீட்டினார்கள். நீளக் குச்சியில் போன். அது என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. துப்பட்டாவைத் தலையில் கட்டி, ரோஸ் கையுறையோடு கோஸ் பிழிந்துகொண்டிருந்த என்னை.

"குக்கிங் கிளாஸா? எங்களையும் சேர்த்துக்கொள்வீர்களா?" என்று அந்தப் பெண் ஆங்கிலத்தில் கேட்டாள். நல்ல பெண்ணாகத்தான் தெரிந்தாள்.

அந்த அம்மா எழப் பார்த்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். நான் எழுந்து வாசலுக்குப் போனேன். என்ன சொல்வது? ஒரு மணி நேரத்துக்கு முன்னால் நானும் இதே இடத்தில் நின்றவள்தான். "நோ கிளாஸ். ஹவுஸ்" என்றேன். பிறகு, விழுது படாத ஒரு விரலைத் தேடி உதட்டில் வைத்தேன். அந்தப் பெண் குழப்பத்தோடு என் முகத்தையும் உள்ளே இருந்தவரையும் பார்த்தாள். "உங்கள் வீடா?" என்றாள்.

"நோ. ஹர் ஹவுஸ்."

இருவரும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே பின்வாங்கினார்கள். கதவைத் தாழிட்டேன். திரும்பி வந்தபோது அந்த அம்மா போனைப் பார்த்துச் சொன்னார்: "நீங்கள் இங்கு வந்தபோது வாசற்படியை மிதிக்கவில்லை. அதை நான் கவனித்தேன். எல்லோரும் மிதிப்பார்கள். சிலர் அதன்மேல் அமர்வார்கள்."

"எங்கள் ஊரிலும் மிதிக்க மாட்டோம்" என்றேன். ஏன் என்று கேட்டார். எனக்குக் காரணம் தெரியவில்லை. அவரிடம் திருப்பிக் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.

மூன்று மணிக்குத் தங்கை வந்தார். கதவைத் திறந்துவிட்ட என்னைப் பார்த்து இரண்டடி பின்னால் போய், வீட்டு எண்ணைச் சரிபார்த்தார். அக்கா உள்ளிருந்து ஏதோ கத்த, தங்கை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஒண்ணுக்குக் கதை சொல்லப்படுகிறது என்று புரிந்தது.

பிறகு வேலை வேகமாக முடிந்தது. தங்கை கொண்டுவந்த இறைச்சியைப் பெரிய பாத்திரத்தில் வேகவைத்தார்கள். கிம்ச்சி போட்ட நாளில் அதை வேகவைத்த பன்றிக்கறியோடு சாப்பிடுவது வழக்கமாம். தட்டை என் முன் வைப்பதற்கு முன் அக்கா தயங்கினார். இந்தியர்கள் இதைச் சாப்பிடுவார்களா என்று போன் கேட்டது.

எங்கள் வீட்டில் பன்றிக்கறி உண்டு. ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரரே போய் வாங்கி வருவார். ஆனால் பத்தொன்பது வருடத்தில் ஒரு நாள்கூட நான் அதைக் கம்பெனிக்குக் கட்டிக்கொண்டு போனதில்லை. ஞாயிறு என்ன சமையல் என்று யாராவது கேட்டால் கோழி என்பேன். ஏன் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும், விளக்க வேண்டியதில்லை. கூட வந்த பையன்களிடமும் மூன்று வாரமாகக் கோழி, முட்டை என்றே ஓட்டியிருந்தேன்.

"சாப்பிடுவோம். எங்கள் வீட்டில் மிளகு போட்டு வறுப்போம்" என்றேன்.

அவர்கள் இருவரும் அதை ஒரு விஷயமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. தங்கை உடனே மிளகு எவ்வளவு என்று கேட்டார். புதுக் கோஸ் இலையில் ஒரு துண்டுக் கறியை வைத்துச் சுருட்டி, அக்கா என் வாயருகே நீட்டினார். என் கை கழுவாமல் இருந்ததால் வாயைத் திறந்தேன். முன்பின் தெரியாத ஒருவர் எனக்கு ஊட்டியது அதுதான் முதல் தடவை. காரம் கொஞ்சம் குறைவு. ஆனால் நன்றாக இருந்தது. எனக்குக் கண்ணில் நீர் வந்தது. அவர்கள் அதைக் காரம் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள்.

சாப்பிடும்போது தங்கை கேட்டார்: "உங்கள் வீட்டையும் மக்கள் பார்க்க வருவார்களா?"

"கரண்ட் மீட்டர் பார்க்க மாதம் ஒருவர் வருவார்" என்றேன். அதற்கு நல்ல சிரிப்பு.

"அது எவ்வளவு பழைய வீடு?" என்றார் அக்கா.

எனக்கே தெரியவில்லை. இருபத்தொரு வருடமாக அந்த வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன். அதற்கு முன்னால் யார் இருந்தார்கள், யார் கட்டினார்கள், எதுவும் தெரியாது. எங்கிருந்தோ வந்து, அவருடைய ஜன்னலுக்குப் பின்னால் எத்தனை கண்ணாடி என்று கேட்டவள் நான்.

கிளம்பும்போது ஐந்து மணி தாண்டிவிட்டது. ஐந்து மணிக்கு மேல் அந்தத் தெருவில் வெளியாட்கள் நடக்கக் கூடாதாம். கையில் கிம்ச்சிப் பெட்டியோடு வெளியே வந்த என்னைக் காலையில் பார்த்த அதே மஞ்சள் அங்கிப் பெரியவர் வந்து மறித்தார். கடிகாரத்தைக் காட்டினார். அக்கா வாசலிலிருந்தே நாலு வார்த்தை சொன்னார். பெரியவர் பெட்டியைப் பார்த்தார், என் ஜாக்கெட் கையில் இருந்த சிவப்புக் கறையைப் பார்த்தார், விலகி நின்றார். அக்கா என்ன சொன்னார் என்று கேட்க அப்போது போனை எடுக்கத் தோன்றவில்லை. அதற்காக இன்றும் என்னையே திட்டிக்கொள்கிறேன். நான் திரும்பிக் கைகூப்பினேன். அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டே குனிந்தார். அவருடைய பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

விடுதியில் பெட்டியைத் திறந்ததும் மூன்று பையன்களும் சாதத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார்கள். நான் செய்தது என்றேன். நம்பவில்லை. முழுவதும் சொன்னேன், பன்றிக்கறியையும் சேர்த்து. வேலூர்ப் பையன் ஒரு நொடி நிமிர்ந்து பார்த்தான். "எப்படிக்கா இருந்துது?" என்றான். "எங்க வீட்ல செய்யறதுதான் டேஸ்ட்டு" என்றேன். தும்கூர்ப் பையன் மட்டும் தன் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டான். நல்லவேளையாக யாரும் பேச்சை மாற்றவில்லை.

மகளுக்குத்தான் ஏமாற்றம். "உள்ள போயிருக்க, ஒரு போட்டோ கூட எடுக்கலியா மா நீ?" என்று அரை மணி நேரம் புலம்பினாள். கையில் கையுறை இருந்தது என்றேன். அது உண்மைதான், ஆனால் முழு உண்மை இல்லை.

பெங்களூருக்கு வந்த அடுத்த ஞாயிறு, வீட்டு ஓனரிடம் போனேன். அவர் இரண்டு சந்து தள்ளி இருக்கிறார். மாநகராட்சியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

"நம்ம வீடு எப்ப கட்டுனதுண்ணா?"

அவர் செய்தித்தாளை இறக்கினார். "ஏம்மா, ஒழுவுதா?"

"இல்லண்ணா. சும்மா தெரிஞ்சுக்கத்தான்."

"சும்மா யாரு கேப்பாங்க? வீட்ட யாருக்காச்சும் காட்டுனியா?"

நடந்ததைச் சொன்னேன். கழிப்பறையில் தொடங்கிக் கிம்ச்சி வரை. அவர் பாதியில் வீட்டுக்காரம்மாவையும் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டார். முடிந்ததும் தாடையைத் தடவினார். அவர் அப்பா வாங்கும்போதே முன்னறை இருந்ததாம். அப்பா மில்லில் வேலை பார்த்தவர், பின்னறையை மட்டும் அவர் கட்டினார். முன்னறையைக் கட்டியது யார் என்று அவருக்கும் தெரியவில்லை. "ஒங்கூட்டு ஷீட்டுக்கு அடில பழைய மங்களூர் ஓடு கொஞ்சம் அப்படியேதான் கெடக்குது. ஓட்டுக்குப் பின்னால செஞ்ச வருஷம் அடிச்சிருப்பான். நாளைக்கி வரேன்" என்றார்.

நாளைக்கு என்றவர் அன்று மாலையே ஏணியோடு வந்துவிட்டார். என் வீட்டுக்காரர், "கொரியாக்காரி கேட்டாள்னு இப்ப கூரைய பிரிக்கணுமா, கம்முனு இருந்தா ஆவாதா" என்று முணுமுணுத்துக்கொண்டே ஏணியைப் பிடித்தார். எதிர்வீட்டு அம்மா கன்னடத்தில் என்ன ஆச்சு என்று கேட்டார். சொன்னதும், அவர்கள் வீடு எங்கள் வீட்டைவிடப் பழசு என்று அடித்துச் சொன்னார். ஓனர் விடவில்லை. சந்தில் கூட்டம் சேர்ந்துவிட்டது.

ஓனர் மேலே போய் ஷீட்டைக் கொஞ்சம் தூக்கி, ஒரு ஓட்டை உருவி என்னிடம் நீட்டினார். கரி பிடித்திருந்தது. ஈரத் துணியால் துடைத்தேன். பின்பக்கம் ஒரு பறவை முத்திரை தெரிந்தது. அதற்குக் கீழே நான்கு எண்கள். முதல் இரண்டு தெளிவு. மூன்றாவதைத் தடவினால் தெரிந்தது. கடைசி எண் தேய்ந்துபோயிருந்தது. என் வீட்டுக்காரர் ஆறு என்றார். ஓனர் ஏணியிலிருந்து எட்டு என்றார். மகள் மூன்று என்று சொல்லிவிட்டுப் படம் எடுத்தாள். நான் உள்ளே போய்க் கம்பெனிப் பையிலிருந்து என் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்து, ஓட்டை வெளிச்சத்துப் பக்கம் சாய்த்துப் பிடித்தேன்.